ஆஸ்திரேலியாவில் சைக்காலஜி: முதல் நாளே நான்காம் ஆண்டைப் பாருங்கள்

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் பிள்ளை சைக்காலஜி படிக்கிறேன் என்று சொன்னால், நம் வீடுகளில் முதலில் கேட்பது "மூன்று வருடத்தில் முடிந்துவிடுமா?" என்பதுதான். முடியாது. மூன்று வருடப் பட்டத்தை வைத்து இங்கே சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே ஆஸ்திரேலிய உளவியல் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அது சட்டம். பதிவுக்கு வழக்கமான பாதை ஆறு வருடம். மூன்று வருடம் இளங்கலை, நான்காவது வருடம் ஹானர்ஸ் (ஆய்வோடு கூடிய கூடுதல் ஆண்டு), அப்புறம் இரண்டு வருட மாஸ்டர்ஸ். இல்லையென்றால் ஒரு வருட மாஸ்டர்ஸும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். நான்கு வருடம் படித்துவிட்டு நேராக இரண்டு வருடப் பயிற்சிக்குப் போகும் பழைய வழியைப் பற்றி உறவினர் யாராவது சொல்லியிருக்கலாம். 2022 ஜூன் மாதத்தோடு அது புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

இந்தப் பாதையில் முதலில் இறுகும் வாசல் நான்காம் ஆண்டு. மூன்று வருடம் படித்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இல்லை.

அதனால் கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்தப் படிப்புக்கு ஏபேக் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. உளவியல் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அமைப்பு அது. ஆர்ட்ஸ், சயின்ஸ் என எந்தப் பட்டத்துக்குள்ளும் சைக்காலஜி மேஜர் எடுக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பாடத் தொடரில் உள்ள எல்லா யூனிட்டுகளையும் (பாடங்களையும்) முடித்தால்தான் கணக்கில் வரும். மைனராக எடுத்தால் போதாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் காமர்ஸோடு சேர்த்து இரட்டைப் பட்டம் படித்தாள். கெட்டிக்காரி. மூன்றாம் ஆண்டில் ஆய்வு முறைகள் யூனிட்டின் வகுப்பும் காமர்ஸ் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தன. அதை விட்டுவிட்டு வேறொரு சைக்காலஜி பாடத்தை எடுத்தாள், மார்க்கும் நன்றாக வந்தது. ஹானர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தொடர் முழுமையாகவில்லை என்று தெரிந்தது. அந்த யூனிட் வருடத்தில் ஒரு செமஸ்டர் மட்டும்தான் நடக்கும். ஒரே ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் போயிற்று. யூனிட்டை மாற்றும் முன் கோர்ஸ் ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மார்க்குக்கு வருவோம். இடம் ஒதுக்கும்போது பல பல்கலைக்கழகங்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு சைக்காலஜி யூனிட்டுகளின் சராசரியைத்தான் பார்க்கின்றன. அறிவிப்பில் இருக்கும் குறைந்தபட்ச மார்க் விண்ணப்பிக்க மட்டும்தான் தகுதி. இடம் கிடைக்க அதற்கு மேல் வேண்டியிருக்கும். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது புள்ளியியலில். மனித மனதைப் படிக்க வந்த இடத்தில் கணக்கா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு வரும், மார்க் போவது எழுத்தில். ஒரு லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் புரியும்: இரண்டு குழுக்களின் சராசரி சரியாக இருக்கும், பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) சரியாக இருக்கும், ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அதிலிருந்து எதைச் சொல்லக்கூடாது என்று எழுத வேண்டிய பத்தியில் இரண்டே வரி இருக்கும். அந்தப் பத்திக்குத்தான் மார்க். முதல் ரிப்போர்ட் திரும்பி வந்ததும் ஆசிரியரின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் இங்கே தேவையே இல்லை.

ஹானர்ஸ் கிடைத்தபின் எந்த வகுப்பில் தேறுகிறோம் என்பதும் முக்கியம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 80-உம் அதற்கு மேலும் எச்1 (முதல் வகுப்பு), 75 முதல் 79 வரை எச்2ஏ (இரண்டாம் வகுப்பின் மேல் பிரிவு). மற்ற இடங்களில் எல்லைகள் மாறும். கிளினிக்கல் மாஸ்டர்ஸுக்குப் பொதுவாக எச்2ஏ-வுக்குக் குறையாமல் எதிர்பார்ப்பார்கள்.

வேறு துறையில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் மறுபடி மூன்று வருடம் படிக்க வேண்டாம். கிராஜுவேட் டிப்ளமோ இன் சைக்காலஜி இளங்கலைத் தொடரைச் சுருக்கமாகத் தந்துவிடும். ஊரில் சைக்காலஜியே படித்தவர்கள் தங்கள் பட்டத்தை ஆஸ்திரேலிய உளவியல் சங்கத்திடம் மதிப்பிட்டு வாங்கிக்கொண்டு நான்காம் ஆண்டுக்கு முயற்சி செய்யலாம். படித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்காது, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணத்தில் பலர் ஏமாந்துபோகும் ஒரு இடம் உண்டு. நிரந்தர வதிவிட விசா (பிஆர்) இருந்தால் அரசு மானியம் உள்ள இடத்தில் சேரலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு ஹெக்ஸ் என்ற அரசுக் கல்விக் கடன் கிடையாது, தங்கள் பங்கை முன்கூட்டியே கட்ட வேண்டும். குடிமக்களுக்குக் கடன் உண்டு. மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு முழுக் கட்டணம். ஒரு யூனிட் ஒத்துவரவில்லை என்றால் சென்சஸ் தேதிக்கு (கட்டணமில்லாமல் விலகப் பல்கலைக்கழகம் வைக்கும் கெடு) முன் விலகுங்கள், கட்டணம் ஏறாது.

மூன்றாம் ஆண்டின் பிற்பாதியில் ஹானர்ஸ் விண்ணப்பம் வரும். அதற்குள் துறைப் பேராசிரியர்கள் எதை ஆராய்கிறார்கள் என்று படித்து, தீசிஸை (ஹானர்ஸில் எழுதும் ஆய்வேட்டை) வழிநடத்தப் பிடித்த இரண்டு மூன்று பேரைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் "உங்கள் ஆய்வு பிடிக்கும்" என்று எழுதினால் போதாது. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் என்ன கேள்வி எழுந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.