நிலவில் சிக்கிக்கொண்டால் படிக்க எழுதிய உரை: பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை மாதம் வந்து அப்பல்லோ 11 பற்றிய பேச்சு எழுந்தாலே, கூடவே அந்தப் பழைய தட்டச்சுத் தாளின் படமும் சுற்ற ஆரம்பித்துவிடும். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவிலேயே சிக்கிக்கொண்டால் அதிபர் நிக்சன் நாட்டு மக்களிடம் என்ன பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த உரை. தேதி 1969 ஜூலை 18, அதாவது ராக்கெட் கிளம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது, தரையிறங்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. படித்தால் நெஞ்சை அடைக்கும், பகிரத்தான் தோன்றும். ஆனால் பகிரும்போது நாம் சேர்த்து எழுதும் விளக்கத்தில் நிறையத் தவறுகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, அவற்றில் சில அந்த உரையின் அர்த்தத்தையே மாற்றிவிடுகின்றன.

முதலில் பெரிய தவறு. இதை இறந்துபோனவர்களுக்கான இரங்கல் உரை என்று எழுதாதீர்கள். உரை ஒளிபரப்பாகும் நேரத்தில் அந்த இருவரும் உயிரோடு இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்கும் ஆல்ட்ரினுக்கும் தாங்கள் மீட்கப்பட வழியில்லை என்பது தெரியும் என்று அந்த உரை சொல்கிறது. தெரிந்திருந்தது என்று இல்லை, தெரியும். உரைக்குக் கீழே என்னென்ன எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது, அதைப் பெரும்பாலானவர்கள் படத்திலிருந்து வெட்டிவிடுகிறார்கள். அதன்படி அதிபர் பேசுவதற்கு முன்னால் ‘விதவையாகப் போகிற’ மனைவியர் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைக்க வேண்டும். பிறகு உரை. அப்புறம் நாசா அந்த இருவருடனும் தொடர்பை முடித்துக்கொள்ளும் கட்டத்தில், கடலில் உடலை அடக்கம் செய்யும்போது செய்வதைப் போல ஒரு மதகுரு அவர்களுடைய ஆன்மாவை ஆழங்களின் ஆழத்துக்கு ஒப்படைத்து, கர்த்தரின் ஜெபத்தோடு முடிக்க வேண்டும். அப்படியென்றால் நிக்சன் பேசி முடிக்கிற வரைக்கும் பூமிக்கும் நிலவுக்கும் இடையே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்றுதானே பொருள். அந்தக் குறிப்பு இல்லாமல் உரையை மட்டும் பகிர்ந்தால், அதில் இருக்கிற மிகக் கடினமான விஷயமே விட்டுப்போகிறது. தாளை முழுசாகப் போடுங்கள், இரண்டே பக்கம்தான்.

ஏன் இப்படி ஒரு நிலைமையைக் கற்பனை செய்தார்கள் என்று கேட்டால், பதில் ஒரே ஒரு எஞ்சினில் இருக்கிறது. நிலவில் இறங்கிய கலம் இரண்டு பகுதிகளாக இருந்தது. கீழ்ப்பகுதி இறங்குவதற்கு, மேல்பகுதி திரும்ப ஏறுவதற்கு. மேலே ஏற இருந்தது ஒரே எஞ்சின், அதற்கு மாற்று கிடையாது. அதனால்தான் அதை முடிந்தவரை எளிமையாகச் செய்தார்கள்: எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றை ஒன்று தொட்டாலே தீப்பிடிக்கும் வகை, தனியாகப் பற்றவைக்கத் தேவையில்லை, பம்பும் கிடையாது, ஹீலியம் அழுத்தமே திரவங்களைத் தள்ளிவிடும். அது பற்றிக்கொள்ளாமல் போனாலோ சீக்கிரமே அணைந்துவிட்டாலோ யாரும் போய் மீட்க முடியாது. மேலே நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த மூன்றாவது வீரர் மைக்கேல் காலின்ஸின் கலம் நிலவில் இறங்குவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. உண்மையிலேயே அந்த எஞ்சினை இயக்கத் தயார்செய்யும் மின்சுற்றுத் துண்டிப்பானின் முனை உள்ளே நெருக்கடியில் உடைந்துபோய், ஆல்ட்ரின் ஒரு ஃபெல்ட் பேனாவின் முனையால் அதை அழுத்தி உள்ளே தள்ளினார். பேனா இல்லாவிட்டால் அவர்கள் செத்தே போயிருப்பார்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த மின்சுற்றுக்கு வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இங்கேயே இன்னொரு தவறும் வந்துவிடும். ‘மூன்று வீரர்களும் இறந்திருந்தால்’ என்று எழுதுகிறார்கள். உரையில் இரண்டு பெயர்கள்தான் உண்டு. காலின்ஸ் இல்லை. மற்ற இருவரும் ஏற முடியாமல் போனால் அவர் தனியாகவே பூமிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். தனியாகத் திரும்பும் அந்தப் பயம் தனக்குள் மாதக்கணக்காக இருந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த மனிதரையும் சேர்த்துச் சாகடித்துவிட்டு உருக்கமான வரி எழுதுவது நியாயமே இல்லை.

அதே காரணத்தால், இந்த உரை எல்லா விபத்துக்கும் பொதுவானது என்று நினைப்பதும் பிசகு. ராக்கெட் கிளம்பும்போதே வெடிப்பது, இறங்கும்போது மோதுவது, பூமிக்குத் திரும்பும்போது கலம் எரிவது, இதில் எதற்கும் இந்த வார்த்தைகள் பொருந்தாது. இருவர் நிலவில் உயிரோடு நின்றுபோகும் அந்த ஒரே ஒரு நிலைமைக்குத்தான் இது.

யார் எழுதியது என்பதிலும் குழப்பம். நாசா எழுதவில்லை. வெள்ளை மாளிகையில் நிக்சனுக்கு உரை எழுதிய வில்லியம் சஃபயர் எழுதி, அதிபரின் தலைமை அலுவலர் ஹால்டெமனுக்கு அனுப்பினார். ஆனால் யோசனை கிளம்பியது ஒரு விண்வெளி வீரரிடமிருந்து: 1968 டிசம்பரில் அப்பல்லோ 8-இல் நிலவைச் சுற்றி வந்த ஃபிராங்க் போர்மன். வெள்ளை மாளிகைக்கும் நாசாவுக்கும் இடையே தொடர்பாளராக இருந்த அவர், அசம்பாவிதம் நடந்தால் அதிபர் என்ன நிலை எடுப்பது என்று யோசித்து வையுங்கள் என்று சஃபயரிடம் சொன்னாராம். சஃபயருக்கு உடனே பிடிபடவில்லை. ‘விதவைகளுக்கு என்ன செய்வது என்பது மாதிரி’ என்று போர்மன் வெளிப்படையாகவே சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பயணத்தைத் தானே செய்து திரும்பிய ஒருவர், தன் மனைவியும் அதே காத்திருப்பில் இருந்தவர் என்பதை அறிந்து சொன்ன வார்த்தை அது. என்னைக் கேட்டால் உரையின் எந்த வரியை விடவும் இதுதான் அதிகம் உலுக்குகிறது.

அடுத்தது, இப்படி ஒரு உரை தயாராக இருந்ததாலேயே பயணம் தோற்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள் என்ற முடிவுக்கு வருவது. ஆம்ஸ்ட்ராங் பல வருஷம் கழித்து ஒரு பேட்டியில், பத்திரமாகத் திரும்புவதற்கு 90 சதவீதம், முதல் முயற்சியிலேயே தரையிறங்குவதற்கு 50 சதவீதம் வாய்ப்பு இருப்பதாகத் தான் எண்ணியதாகச் சொன்னார். இறங்க முடியாமல் திரும்புவதுதான் அவர் எதிர்பார்த்த தோல்வி, சாவு இல்லை. பத்தில் ஒரு பங்கு ஆபத்துக்கே வார்த்தைகளைத் தயாராக வைத்துக்கொள்வது பொறுப்பு, அதை நம்பிக்கையின்மை என்று சொல்லக் கூடாது. தாள் 1999-இல்தான் வெளியே பரவலாகத் தெரியவந்தது என்பதை வைத்து ‘முப்பது வருஷம் மறைத்த ரகசியம்’ என்று தலைப்புப் போடுவதும் இதே ரகம். தேவைப்படாமல் போன ஒரு குறிப்பு மற்ற அரசுத் தாள்களோடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

முன்கூட்டி எழுதிய உரைகளையும் விபத்துக்குப் பிறகு எழுதிய உரைகளையும் ஒரே கூடையில் போடுவதையும் தவிர்க்க வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறி ஏழு பேர் இறந்தபோது அதிபர் ரேகன் பேசிய உரை அலமாரியிலிருந்து எடுத்தது அல்ல, அவருக்கு உரை எழுதிய பெக்கி நூனன் அன்றைக்கே சில மணி நேரத்தில் எழுதிக் கொடுத்தது. அன்று இரவு ரேகன் நாடாளுமன்றத்தில் ஆற்ற வேண்டிய வருடாந்திர உரை தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பேச்சில் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து அவர் தனியாகச் சொன்ன வார்த்தைகள் இருக்கின்றன. ஆசிரியை ஒருவர் அந்த ஓடத்தில் இருந்ததால் நாடெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகள் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டி எழுதும் உரையில் இப்படிப்பட்ட விஷயம் வரவே வராது.

சோவியத் பக்கம் முன்கூட்டிய தயாரிப்பு வேறு மாதிரி இருந்தது. முதன்முதலாக விண்வெளிக்குப் போன ககாரினின் 1961 ஏப்ரல் 12 பயணத்துக்கு டாஸ் செய்தி நிறுவனத்திடம் மூன்று அறிக்கைகள் தயாராக இருந்தன: வெற்றி, வேற்று நாட்டு மண்ணிலோ கடலிலோ இறங்கிவிட்டால் உதவி கோருவது, மரணம். அவை அரசு செய்தி அறிக்கைகள், தலைவர் மக்களிடம் பேசும் உரை இல்லை. ‘அமெரிக்கர்களுக்கு முன்னாலேயே ரஷ்யர்கள் இதே உரையை எழுதிவிட்டார்கள்’ என்று எழுதினால் அது தவறு.

கடைசியாக, இப்போது அதிகம் ஏமாற்றுவது காணொளி. நிக்சன் மேசையில் உட்கார்ந்து இந்த உரையைப் படிப்பதாக ஒன்று இருக்கிறது. போலிக் காணொளிகள் எவ்வளவு நம்பும்படி இருக்கும் என்று மக்களுக்குக் காட்டுவதற்காகவே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்டது அது, 2019-இல் முதலில் காட்டப்பட்டது. ஒரு நடிகரின் குரலைக் கணினியால் நிக்சன் குரலாக்கி, வாயசைவை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். அடிப்படையாக எடுத்த படம் 1974 ஆகஸ்டில் அவர் பதவி விலகலை அறிவித்த பேச்சு. தாளைப் புரட்டுவது, தலையைத் தாழ்த்துவது, முகத்தில் தெரியும் சோர்வு எல்லாமே பதவியைத் துறக்கிற ஒருவருடையது, அதனால்தான் துக்கம் அவ்வளவு உண்மையாகத் தெரிகிறது. முன்னும் பின்னும் வெட்டிய துண்டு உங்களுக்கு வந்தால் அப்படியே அனுப்பாதீர்கள், இது உருவாக்கப்பட்ட படம், நிக்சன் இந்த உரையை ஒருபோதும் பேசவில்லை என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். 1969 ஜூலை 20 அன்று அவர் உண்மையில் செய்தது நிலவில் நின்றுகொண்டிருந்த இருவரோடும் தொலைபேசியில் பேசியது. அந்த ஒளிப்பதிவு நிஜமானது, அதைத் தாராளமாகப் பகிரலாம்.