சிர்கோனியம் மட்டும் குறைவாக வந்தால்

பல்லாவரம் சார்னோகைட் பாறைத் தூளை ஹைட்ரோபுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் ஹாட்பிளேட்டில் வைத்துக் கரைத்து தனிமங்களின் அளவைக் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்தால் லாந்தனம், சீரியம் எல்லாம் ஒழுங்காக வந்தன, சிர்கோனியமும் ஹாஃப்னியமும் மட்டும் ஒவ்வொரு தடவையும் குறைவு. கருவியில் கோளாறு இல்லை. டெஃப்லான் குடுவையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் பொடி மணல் மாதிரி நாலைந்து துகள்கள் மின்னுகின்றன. சிர்கான் கனிமம்தான், சிர்கோனியமும் ஹாஃப்னியமும் பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும், இந்தச் சூட்டில் அமிலத்துக்கு அவ்வளவு லேசில் மசியாது.

சரி என்று, பாறையை உருக்கிக் கரைக்க உதவும் லித்தியம் மெட்டாபோரேட் உப்பைத் தூளோடு கலந்து, பிளாட்டினம் மூசையில் 1000 டிகிரி செல்சியஸில் உருக்கி, வந்த கண்ணாடி உருண்டையை நீர்த்த நைட்ரிக்கில் கரைத்தேன். கூடவே ஓட்டிய, அளவுகள் ஏற்கெனவே தெரிந்த ஜி-2 கிரானைட் தரமாதிரியில் சிர்கோனியம் எதிர்பார்த்தபடி 300 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 300 பங்கு) பக்கத்தில் வந்தது. இந்தக் கரைசலில் உப்பு அதிகம், நன்றாக நீர்க்காவிட்டால் கருவியின் நுழைவாயிலில் உள்ள சிறு துளைக் கூம்பு (கோன்) அடைத்துக்கொள்ளும். மாதிரியில் உள்ள ஈயம் இப்படி உருக்கும்போதே ஆவியாகிப் பறந்துவிடும், அதற்கு மட்டும் பழைய அமில வழியேதான்.