சிங்களம் படிக்கத் தொடங்கி நடுவில் விடாமல் இருக்க: திருமலைக்காரருக்கு ஒரு வழி

திருமலையில் (திருகோணமலையில்) வளர்ந்த தமிழ் ஆட்களுக்குச் சிங்களம் அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. சந்தையில் விலை கேட்பது, பஸ்ஸில் இடம் சொல்லி இறங்குவது, கோணேசர் கோயிலுக்குத் தெற்கிலிருந்து வருகிறவர்களுக்கு வழி காட்டுவது, இவ்வளவும் பலருக்கு வரும். அதற்கு மேலே போகவேண்டும், ஒரு படிவத்தை வாசித்து நிரப்பவேண்டும், ஒரு செய்தியை விளங்கவேண்டும் என்று தொடங்குகிறவர்கள்தான் சில கிழமைகளில் விட்டுவிடுகிறார்கள். அரச வேலையில் இருப்பவர்கள் இரண்டாம் மொழிப் பரீட்சைக்காகப் படித்து, பாஸ் பண்ணியதும் கொப்பியை மூடிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, படித்த மொழியில் செய்வதற்கு ஒரு வேலை இல்லாதபோதுதான் ஆர்வம் வற்றுகிறது. அந்த வேலையை எங்கே தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கட்டற்ற மென்பொருட்களும் (யாரும் எடுத்துப் பாவிக்கவும் மாற்றவும் கூடியவை) அவற்றைச் சுற்றியிருக்கிற ஆட்களும் அதற்கு நல்ல இடம், காசும் கேட்கமாட்டார்கள்.

முதலில் சொற்களை மறக்காமல் வைத்திருக்க ஒரு கருவி வேண்டும். அங்கி (Anki) என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் பதிலுமாக அட்டை செய்து படிக்கிற கருவி அது. 2006இல் வந்தது, திறந்த மூலம், கணினியில் இலவசம். ஆண்ட்ராய்ட் போனுக்கு அங்கிட்ராய்ட் என்று தனியாக இருக்கிறது, அதுவும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு, ஆனால் பிரவுசரில் அங்கிவெப் வழியாக ஓசியிலேயே பார்க்கலாம். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் 1885இலேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். அங்கி செய்வது அதற்கு மருந்து: நீங்கள் மறக்கப்போகிற நேரம் பார்த்து அந்த அட்டையைத் திரும்பக் காட்டும். இணையம் இல்லாமலும் ஓடும் என்பது வெருகல், ஈச்சிலம்பற்று பக்கம் போய் வருகிறவர்களுக்குப் பெரிய உதவி. அட்டைகள் உங்கள் கையிலிருக்கிற கோப்பு, ஒரு கம்பெனி கடையை மூடினாலும் உங்கள் உழைப்பு போகாது.

போட்டதும் ஒரு விஷயத்தை மாற்றுங்கள். நாளுக்கு 20 புதிய அட்டை என்று அது தானாக வைத்திருக்கும், அதை 5 ஆக்குங்கள். முதல் கிழமையில் 20 லேசாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு புதிய அட்டையும் பின்னால் பல தடவை திரும்பி வரும் என்பதால் ஒரு மாதத்தில் தினமும் நூற்றுக்கு மேலே பார்க்கவேண்டி வந்து, திறக்கவே மனம் வராது.

அட்டைகளை நீங்களே செய்யுங்கள். இறக்கிக்கொள்ளக் கிடைக்கிற சிங்கள அட்டைக் கட்டுகளில் விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், நமக்கு அது சுற்றுவழி. தனிச் சொல்லைப் போடாமல் நீங்கள் உண்மையிலேயே சொல்லப்போகிற வசனத்தைப் போடுங்கள்: இந்த பஸ் கந்தளாய்க்குப் போகுமா, மருந்தை சாப்பாட்டுக்கு முன்னமா பின்னமா எடுக்கிறது, இந்தப் படிவத்தை எந்த மேசையில் கொடுக்கிறது, இப்படி. சிங்களம் தெரிந்த ஒருவரிடம் அந்த வசனத்தை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பச் சொல்லி வாங்கி அட்டையில் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கிட்ராய்டிலேயே பதிவு செய்யலாம். குரல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்தில் சிங்களத்தை எழுதிவைத்தால் வல்லின ஒலிகளின் வேறுபாடு காணாமல் போய்விடும், அங்கே அது பொருளையே மாற்றும். ஓர் அட்டையை எட்டுத் தடவை மறந்தால் அங்கி அதைத் தனியாகக் குறித்துக் காட்டும். அதோடு மல்லுக்கட்டாமல் அழித்துவிட்டு, அதே சொல்லை வேறொரு வசனத்தில் வையுங்கள்.

நமக்கு இதில் சாதகங்களும் உண்டு. வசன ஒழுங்கு தமிழ் மாதிரியேதான், வினை கடைசியில் வரும். பேச்சுச் சிங்களத்தில் மம யனவா, ஒயா யனவா, எயா யனவா (நான் போகிறேன், நீங்கள் போகிறீர்கள், அவர் போகிறார்) என்று ஆள் மாறினாலும் வினை மாறாது. ஆங்கிலம் வழியாகப் படிக்கிற ஒரு வெளிநாட்டுக்காரரைவிட நீங்கள் வெகுதூரம் முன்னால் நிற்கிறீர்கள்.

சரி, இனி அந்த வேலை. எனக்கு மிகவும் பிடித்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் தொடங்கிய உலக வரைபடம், விக்கிப்பீடியா மாதிரி யாரும் திருத்தலாம். அதில் ஒவ்வொரு வீதிக்கும் இடத்துக்கும் சிங்களப் பெயருக்கு ஒரு இடம், தமிழ்ப் பெயருக்கு ஒரு இடம் என்று தனித்தனியாக வைக்கலாம். நம்முடைய ஊரிலோ பெயர்ப் பலகை மூன்று மொழியில் நிற்கிறது. ஒரு மாலையில் உட்துறைமுக வீதிப் பக்கமோ ஏகாம்பரம் வீதிப் பக்கமோ, உப்புவெளியிலோ நடந்துபோய், பலகையின் சிங்களப் பகுதியை மட்டும் முதலில் வாசியுங்கள், பிறகு கீழே தமிழைப் பார்த்துச் சரி பாருங்கள். தொடக்கத்தில் வ, ச, ட ஒலிக்கான எழுத்துகள் மூன்றும் ஒரே வட்டமாகத்தான் கண்ணில் படும், பலகை பலகையாகப் பார்க்கப் பார்க்கத்தான் பிரியும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால் அந்த வீதிக்கு ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கும் இடங்கள் அகப்படும், சிங்களத்தையும் தமிழையும் நீங்களே சேர்க்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி நீங்கள் நிற்கிற இடத்திலேயே இந்த வீதியின் பெயர் என்ன என்று கேட்கும், அது இன்னும் சுகம்.

இரண்டு விஷயம் கவனம். கூகுள் மேப்பைப் பார்த்துப் பிரதி எடுக்கக்கூடாது, பலகையில் கண்டதை அல்லது உங்களுக்கே தெரிந்ததைத்தான் போடவேண்டும், அது ஓபன்ஸ்ட்ரீட்மேப்காரருடைய உரிமச் சட்டம். மற்றது, கடற்படைத் தளப் பக்கமும் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிற பக்கமும் பலகையைக்கூடப் படம் எடுக்க வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் (நம் நாட்டில் இது புதிதில்லை, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச மொழி ஆக்கிய பிறகும் நிலைமை இதுதான்) சரியான பெயரைப் போட்டு, காரணத்தைத் திருத்தத்தோடு சேர்த்து அனுப்புகிற மாற்றக் குறிப்பில் எழுதுங்கள். குறிப்பைக் கொஞ்சம் சிங்களத்திலும் எழுதிப் பாருங்கள். நாட்டின் வேறு மூலையில் இருக்கிற ஒருவர் பார்த்துப் பதில் போடலாம், உங்கள் எழுத்தைத் திருத்தலாம். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சிங்களத்தை விளங்கிக்கொண்டு பதில் எழுதுகிற அந்த நாளுக்குப் பிறகு படி என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

வாசிப்புக்கு விக்கிப்பீடியா போதும். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைத் தமிழில் ஒரு தடவை வாசித்துவிட்டு, அதே பக்கத்தைச் சிங்களத்துக்கு மாற்றுங்கள். அங்கே இருப்பது எழுத்துச் சிங்களம், கடையில் கேட்பதிலிருந்து நிறைய விலகும். நமக்கும் எழுத்து வேறு பேச்சு வேறுதானே, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அங்கே படித்த வினையைச் சந்தையில் போய்ச் சொல்லாதீர்கள். வாசிப்பு கொஞ்சம் தேறியதும் மென்பொருள் மொழிபெயர்ப்புக்கு வாருங்கள். லிப்ரெஆபிஸ் (கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைக்கான கட்டற்ற மென்பொருள்) போன்றவை வெப்லேட் என்ற தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஒரே ஆங்கில வரிக்குச் சிங்களத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், தமிழில் வெறுமையாக இருந்தால் நீங்கள் ஒரு பரிந்துரை போடுங்கள். அப்புறம் போனில் ஆண்ட்ராய்ட் 13 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால், ஒரே ஒரு செயலியின் மொழியை மட்டும் சிங்களமாக்கலாம். முழுப் போனையும் மாற்ற வேண்டாம், அவசரத்துக்கு ஒன்றும் தேடமுடியாமல் போய் அன்றைக்கே பழையபடி ஆக்கிவிடுவீர்கள்.

ஆட்கள் வேண்டும், நேரில் கதைக்க. கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குத் தெற்கிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளுக்குத் தமிழ் தேவை, உங்களுக்குச் சிங்களம் தேவை. அரை மணித்தியாலம் முழுக்கச் சிங்களம், அடுத்த அரை மணித்தியாலம் முழுக்கத் தமிழ் என்று மணிக்கூட்டை வைத்துக் கதையுங்கள், கலந்து கதைத்தால் யாருக்கு எது கூட வருமோ அந்த மொழிதான் வெல்லும். நீங்கள் தடுமாறினால் மற்றவர் இரக்கப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறுவார். அப்போது சிரித்துக்கொண்டே “சிங்களென் கியன்ன” (சிங்களத்தில் சொல்லுங்கள்) என்று கேளுங்கள், யாரும் கோபிக்கமாட்டார்கள். இணையக் குழுக்களில் கேட்கும்போது எப்படிச் சிங்களம் படிப்பது என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. இந்த வசனத்தை இப்படி எழுதினேன், எழுத்து வழக்குக்கு இது சரியா என்று ஒன்றை மட்டும் கேளுங்கள், பத்து நிமிடத்தில்கூடப் பதில் வரும். உங்களுக்கு முன்னால் யாராவது தமிழ் பற்றிக் கேட்டிருந்தால் அதற்குப் பதில் போட்டுவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

இடைவெளி கட்டாயம் வரும். தேர்த்திருவிழா, பரீட்சை, வீட்டில் சுகவீனம் என்று இரண்டு கிழமை போய்விட்டால் அங்கியில் சில நூறு அட்டைகள் காத்துக்கொண்டு நிற்கும், பலர் அதைப் பார்த்துத்தான் நிரந்தரமாக விடுகிறார்கள். புதிய அட்டையைப் பூச்சியமாக்கி, நாளுக்கு 50 மட்டும் காட்டு என்று எல்லை போட்டுவிட்டு அவற்றை மட்டும் பாருங்கள். மிச்சம் தீர்ந்ததும் திரும்பவும் ஐந்தைப் போடலாம்.