பழைய காதலை மேடையேற்றும் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தை நிறைந்துவிடும். பட்டிமண்டபப் பேச்சுக்கு ஒரு கூட்டம், நாட்டிய நாடகத்துக்கு ஒரு கூட்டம். "சேர், துணிச்சலான ஒரு பெண் பாத்திரம் வேணும், கொஞ்சம் காதலும் இருக்கவேணும்" என்பதுதான் எல்லாரும் கேட்பது. சரி, பழைய இலக்கியத்தில் அப்படிப்பட்ட பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைகள் சறுக்குகிற இடங்கள் ஒவ்வொரு வருடமும் அதே இடங்கள்; அந்த வயதில் நாங்களும் சறுக்கியவைதான். உச்சரிப்பு, பாடல் மறந்துபோவது, நேரம் மிஞ்சுவது எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசுவது யார் என்று பாராமல் பாட்டைப் பிடிப்பது

இந்த ஒன்றுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல். அகப்பாட்டில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி (வளர்ப்புத் தாய்), பரத்தை, வழியில் கண்டவர் என்று யாரோ ஒருவர் பேசுவதைத்தான் நாம் கேட்கிறோம். யார், யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதெல்லாம் பாட்டோடு துறைக்குறிப்பாக இருக்கும். சின்ன எழுத்தில் கிடப்பதால் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை.

ஒரு பட்டிமண்டபம். சங்ககாலப் பெண்ணுக்குக் காதலில் சொந்தக் குரல் இல்லை என்று வாதாட வந்த அணியின் தலைவி, நல்ல குரல்வளம் உள்ள பிள்ளை, கடவுள் வணக்கமாகக் குறுந்தொகையின் முதற்பாட்டை இராகம் போட்டுப் பாடினாள். அவுணரைத் தேய்த்த சேயாகிய முருகன், செங்கோட்டு யானை, குன்றம், காந்தள். சபை கைகூப்பாத குறைதான். எதிரணியில் ஒரு பொடியன் எழும்பினான். "நடுவர் அவர்களே, தங்கச்சி பக்தியோடு பாடினது, ஒருவன் கொண்டுவந்த பூவைத் திருப்பிவிட்ட பாட்டு. குரல் இல்லாத பெண்ணா அதைச் சொன்னாள்?" அதோடு வழக்கு முடிந்தது. அந்தப் பிள்ளை பாடுபட்டுச் சேர்த்த மற்ற மேற்கோள்கள் ஒன்றும் பிறகு எடுபடவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாரதம் பாடிய பெருந்தேவனார் குறுந்தொகைக்குப் பாடிய கடவுள் வாழ்த்தும் முருகன்மேல்தான். அதற்கு அடுத்தாற்போல வருவது திப்புத்தோளாரின் இந்த நாலு வரி. இரண்டிலும் முருகன் இருக்கிறான் என்றதும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டாவதில் நடப்பது வேறு. தலைவன் காந்தளைக் கையுறையாக, அதாவது காதற் பரிசாக, கொண்டுவந்து நிற்கிறான். நம்மூரில் கார்த்திகைப் பூ என்போமே, அதுதான். தோழி 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. களம் சிவப்பு, அம்பு சிவப்பு, யானைக் கொம்பு சிவப்பு என்று அடுக்கிக்கொண்டு போய், அந்தச் சேயின் குன்றத்தில் இரத்தநிறக் காந்தள் குலைகுலையாய் இருக்கிறது என்று நிறுத்திவிடுகிறாள். எங்களிடம் இல்லாததையா தம்பி கொண்டுவந்தாய் என்பதை அவனாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

இங்கேயே இன்னொரு வழுக்கலும் உண்டு. மறுத்துவிட்டாள், ஆகவே விருப்பமில்லை என்று சிலர் எழுதுவார்கள். மறுப்பதெல்லாம் நடிப்பு, உள்ளுக்குள் சம்மதம்தான் என்று வேறு சிலர். இரண்டும் பிழை. வந்தவனைத் தூரத்தில் நிறுத்தி, எவ்வளவு நின்றுபிடிக்கிறான் என்று பார்ப்பது தோழியின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக் கலியாணப் பேச்சில் சின்னம்மாவும் மாமியும் பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் தேறினால் பகலில் எங்கே காணலாம், இரவில் எங்கே காணலாம் என்று குறியிடம் சொல்வதும் அவள்தான். கொஞ்சக் காலம் போனதும், வந்துபோனது போதும், பெண் கேட்டு வா என்று வரைவு கடாவுவாள். வீட்டார் வேறிடத்தில் பேசத் தொடங்கினால் அறத்தொடு நிற்றல், அதாவது காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது. தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி பெற்ற தாயான நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் என்று விஷயம் படிப்படியாக ஏறும். இந்த வரிசையில் ஒரு பாட்டு எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அதில் வருகிற பெண் வலியவளா எளியவளா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது.

குறிஞ்சிப்பாட்டுக்கும் இதே கதிதான். அதில் வருகிற 99 பூக்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இதையெல்லாம் சொல்வது யார் என்று கேட்டால், "கபிலர், சேர்." எழுதியது கபிலர், சரி. ஆனால் 261 அடியும் தோழி செவிலியிடம் பேசும் பேச்சு. மகளின் காதலை வீட்டுக்கு எடுத்துச் சொல்லும் இக்கட்டான நேரத்தில், அவனும் அவளும் எப்படிச் சந்தித்தார்கள் என்ற கதைக்குள்தான் அந்தப் பூப்பட்டியலே வருகிறது. பட்டியலைப் பிடித்துக்கொண்டு பெண்ணை விட்டுவிடுகிறார்கள்.

மடற்குதிரையை அலங்கரிப்பது

மடலேறுவது என்றால், காதலித்தவளைத் தரச்சொல்லித் தலைவன் பனைமட்டைக் குதிரையில் ஏறித் தெருவில் வருவது. ஒரு நாட்டிய நாடக ஒத்திகையில் அந்தக் காட்சிக்கென்று கோயில் குதிரை வாகனம் போல ஒன்று செய்து வைத்திருந்தார்கள். தங்கத்தாள், மணி, வாலுக்குக் கறுப்பு நூல். நான் ஒன்றும் பேசாமல் வேலியோரம் கிடந்த கருக்குமட்டை ஒன்றை எடுத்துவந்து நடுவில் போட்டேன். தலைவன் வேடம் கட்டிய பிள்ளை அதைத் தூக்கினாள். விளிம்பின் பல் விரலைக் கீறியதும் கையை உதறினாள். அதன்மேல்தான் அவன் இருக்கப்போகிறான், அதோடுதான் அவனைத் தெருவால் இழுத்துப் போவார்கள். தலையில் எருக்கம்பூக் கண்ணி, கையில் அவள் உருவம் எழுதிய கிழி. அது காதல் ஊர்வலம் இல்லை, ஊரைக் கூட்டிப் பெண் வீட்டாருக்குக் கொடுக்கும் நெருக்கடி. சங்கப் பாட்டில் அது பெரும்பாலும் 'ஏறுவேன்' என்ற மிரட்டலோடு நின்றுவிடுவதையும் மறக்கக்கூடாது.

பெண் மடலேறுவது வழக்கில்லை என்கிறது தொல்காப்பியம். திருமங்கையாழ்வார் நாயகியாக நின்று அந்த வேலியையே தாண்டுகிறார். தைரியமான பெண் குரல் தேடுகிறவர்கள் அவருடைய பெரிய திருமடல் பக்கம் ஏன் போவதில்லையோ தெரியவில்லை.

ஏறு தழுவுதலுக்குப் பரிசுத்தொகை வைப்பது

வேண்டாம். கொல்லேற்றின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயமகள் மறுமையிலும் தழுவமாட்டாள் என்கிறது கலித்தொகையின் முல்லைக்கலி. அவ்வளவுதான் நிபந்தனை. 1887 இல் கலித்தொகையை முதன்முதலாக அச்சேற்றியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, நம்மூரார் பதிப்பித்த நூலை நாமே திறந்து பாராமல் ஜல்லிக்கட்டு வீடியோவைப் பார்த்துக் காட்சி எழுதுவது அழகில்லை.

வள்ளியை யானைக்குப் பயந்தவளாக மட்டும் காட்டுவது

கந்தபுராணப் படிப்பைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. இருந்தும் வள்ளி திருமணம் என்றால் யானை வருகிற இடத்துக்குத்தான் கைதட்டல். அதற்கு முன்னால் வேடனாக வந்த முருகன் வேங்கை மரமாகிறான், கிழவனாகிறான். தினைப்புனம் காக்கிற வள்ளி வேடனுக்கும் பதில் கொடுக்கிறாள், கிழவனுக்கும் பதில் கொடுக்கிறாள். கிழவன் கலியாணப் பேச்சை எடுத்ததும், நரைத்தும் புத்தி வரவில்லையா என்ற தொனியில் விழும் ஏச்சு, நல்ல பிரசங்கியார் பயன் (பாட்டின் பொருள்) சொல்லும்போது கேட்கவேண்டும். மேடையில் முதலில் வெட்டுப்படுவது அந்த ஏச்சுத்தான். வெட்டிவிட்டால் மிஞ்சுவது அலறுகிற ஒரு சின்னப் பெண். பெண் எவ்வளவு மறுத்தாலும் விடாமல் பின்னால் திரிந்தால் சரிவரும் என்று முன்வரிசைப் பொடியளும் விளங்கிக்கொண்டு போவார்கள்.

கம்பனின் காட்சியை வான்மீகியின் கணக்கில் எழுதுவது

"அண்ணலும் நோக்கினான் அவளும் நோக்கினாள்" கம்பன் வைத்தது. வான்மீகியில் வில் முறியும்வரை இராமனும் சீதையும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

மணிமேகலைக்கு ஆசையே இல்லை என்று எழுதுவது

துறவி என்றதும் கல்லாக்கிவிடுகிறார்கள். சோழ இளவரசன் உதயகுமாரன் அவளைக் கற்பில்லாதவள், விலைமகள் என்று இகழ்ந்துகொண்டேதான் விரும்பினான். அது தெரிந்தும் அந்தப் புதியவன் பின்னால் தன் நெஞ்சு போனதைத் தோழி சுதமதியிடம் அவளே ஒளிக்காமல் சொல்கிறாள். காமத்தின் இயற்கை இதுதானென்றால் அதன் திறம் கெட்டுப்போகட்டும் என்பது அடுத்த வாக்கு. நெஞ்சு போன வரியை வெட்டிவிட்டு 'கெடுக' என்பதை மட்டும் எடுத்தால் அந்தச் சொல்லுக்கு ஏது கனம்?

முதற் சுயம்வரத்தோடு நளவெண்பாவை மூடிவிடுவது

நளன் உருவெடுத்த தேவர் நால்வரும் நளனுமாக ஐந்து பேர் இருக்கிறார்கள். கண் இமைக்கிறது, கால் நிலத்தில் படுகிறது, மாலை வாடுகிறது என்று பார்த்துத் தமயந்தி உண்மை நளனைப் பிடிக்கிறாள். நல்ல காட்சிதான், எல்லாரும் ஆடித் தீர்த்தும் விட்டார்கள். புகழேந்தி அவளுக்கு இன்னொரு சுயம்வரம் வைத்திருக்கிறார். காட்டில் விட்டுப்போன கணவன் உருமாறி அயோத்தி அரசனிடம் இருப்பதாகச் சந்தேகம் வந்ததும், தனக்கு மறுசுயம்வரம் என்று அங்கே சேதி அனுப்புகிறாள். நாளோ மிகக் கிட்ட. அவ்வளவு தூரத்தை அந்த நேரத்துக்குள் தேரோட்டி வரக்கூடியவன் நளன் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும். வந்து இறங்கிய தேரோட்டியைப் பார்த்து ஓடிப்போய் அழவுமில்லை. பிள்ளைகளை அவன் இருக்கும் மடைப்பள்ளிக்கு அனுப்பி, முகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவரச் செய்கிறாள். பத்து நிமிடம்தான் தருவார்கள் என்றால் முதற் சுயம்வரத்தைக் கட்டியக்காரன் வாயால் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, திரையை இந்த இடத்தில் விலக்குங்கள்.