மூன்றாம் தலைமுறை கமாரோ, ஃபயர்பேர்ட்: ஸ்பிரிங் குறியீட்டைப் படிப்பது எப்படி?

"ஸ்டிக்கரில் எஃப்41 என்று இருக்கிறது. அப்படியானால் எந்த ஸ்பிரிங் வாங்க வேண்டும்?" 1982 முதல் 1992 வரை வந்த செவ்ரலே கமாரோவையோ பான்டியாக் ஃபயர்பேர்டையோ சரிசெய்ய இறங்குபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஸ்டிக்கர் என்பது, காரில் என்னென்ன பொருத்தப்பட்டன என்று தொழிற்சாலை ஒட்டிய குறியீட்டுத் தாள். எஃப்41-ல் இதற்குப் பதில் கிடையாது. எஃப்41 என்பதும் பான்டியாக்கின் டபிள்யூஎஸ்6 என்பதும் சஸ்பென்ஷன் தொகுப்பின் பெயர்கள். ஒரே தொகுப்பு உள்ள இரண்டு கார்களில் ஒன்றில் ஏசி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அப்போதே முன் ஸ்பிரிங் மாறிவிடலாம். பதில் அதே ஸ்டிக்கரில்தான் இருக்கிறது, பலர் கண்ணைத் தாண்டிப் போகும் நான்கு குறியீடுகளில்.

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கார்களுக்கு ஸ்பிரிங்கைக் கணினியால் தேர்ந்தெடுத்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி, கழற்றும் கூரை என்று காரில் ஏறும் ஒவ்வொன்றின் எடையையும் கூட்டி, ஒவ்வொரு மூலையும் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, கார் சரியான உயரத்தில் நிற்கும்படி ஒரு ஸ்பிரிங்கை ஒதுக்கினார்கள். அதனால் குறியீடு சொல்வது விறைப்பை (குறிப்பிட்ட தூரம் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதை) மட்டுமல்ல. இரண்டு வேறு குறியீடுகளுக்கு விறைப்பு ஒன்றாகவே இருந்து, சுமையில்லாத நீளம் மட்டும் மாறலாம். எழுத்துகளின் அகரவரிசைக்கும் விறைப்புக்கும் தொடர்பு இல்லை. பின்னால் வரும் எழுத்து என்பதற்காக அது கெட்டியான ஸ்பிரிங் ஆகிவிடாது.

படி 1: ஸ்டிக்கரைக் கண்டுபிடியுங்கள்

வெள்ளைத் தாளில் மூன்றெழுத்துக் குறியீடுகள் வரிசையாக அச்சான ஸ்டிக்கர் அது. இந்தத் தலைமுறையில் நடுக் கன்சோல் பெட்டியின் மூடிக்கு அடியிலும், பின்பக்கச் சாமான் அறையின் மூடியிலும் தேடுங்கள். தொடக்க ஆண்டுக் கார்களில் ஸ்டிக்கரே இல்லாமல் போகலாம். அப்போது இருக்கைக்கு அடியிலோ, கம்பளத்துக்கு அடியிலோ, பெட்ரோல் டேங்கின் மேலோ தொழிற்சாலையின் தயாரிப்புத் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கிடைத்ததும் குறியீட்டுக்குத் தாவாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள வாகன அடையாள எண்ணை, கண்ணாடி வழியாகத் தெரியும் டேஷ்போர்டு தகட்டோடு ஒப்பிடுங்கள். கன்சோல் மூடி எளிதில் உடைகிற பொருள், வேறு காரிலிருந்து மாற்றியிருப்பார்கள். அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் உங்கள் காரைப் பற்றிப் பேசாது. 17 இலக்கத்தில் 10-ஆவது ஆண்டைச் சொல்லும்: எஃப் 1985, ஜி 1986, எச் 1987, ஜே 1988. ஐ எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. 11-ஆவது தொழிற்சாலை: என் என்றால் ஒஹாயோவின் நார்வுட், எல் என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். நார்வுட் 1987-லேயே மூடப்பட்டது. ஆகவே 1988-க்குப் பிந்தைய காரில் என் வந்தால் எங்கோ தவறாகப் படிக்கிறீர்கள்.

படி 2: நான்கு குறியீடுகளைப் பிரித்தெடுங்கள்

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நிதானமாகப் போங்கள்.

ஸ்பிரிங் குறியீடு ஓர் எண், அதன்பின் இரண்டு எழுத்து. முதல் எண் மூலையைச் சொல்லும்: 6 முன் இடது, 7 முன் வலது, 8 பின் இடது, 9 பின் வலது. இடது என்றால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி பார்க்கும் இடது. அமெரிக்கக் கார் என்பதால் ஓட்டுநரும் அந்தப் பக்கமே. எண்ணுக்குப் பின் வரும் இரண்டு எழுத்துதான் ஸ்பிரிங்கின் பெயர். இவை பெரும்பாலும் பட்டியலின் கடைசிப் பகுதியில் இருக்கும்.

குழப்பம் எங்கே வருகிறது? எண்ணில் தொடங்கும் வேறு குறியீடுகளும் அங்கேயே இருக்கின்றன. 81யூ என்பதைப் பார்த்துப் பின் இடது ஸ்பிரிங் என்று எழுதிக்கொள்கிறார்கள். அது பளீர் சிவப்பு பெயின்ட். 41யூ கறுப்பு. யூ-வில் முடிந்தால் வெளி நிறம், ஐ-யில் முடிந்தால் உள் அலங்காரம். இவற்றில் முதல் இரண்டும் எண்கள். ஸ்பிரிங் குறியீட்டில் முதலாவது மட்டுமே எண். 1-இல் தொடங்கும் 1எஸ்ஏ போன்றவை விற்பனைத் தொகுப்புகள். புகழ்பெற்ற 1எல்இ-யும் பந்தயத் தொகுப்பே, ஸ்பிரிங் அல்ல. விதி இவ்வளவுதான்: 6, 7, 8, 9-இல் ஒன்று, அதன்பின் இரண்டும் எழுத்து. இதற்குப் பொருந்தாத எதையும் ஒதுக்கிவிடுங்கள்.

6-ம் 7-ம் பெரும்பாலும் ஒரே இரண்டெழுத்தைத் தாங்கி வரும், 8-ம் 9-ம் அப்படியே. ஸ்டிக்கரில் ஒரு பக்கம் அழிந்திருந்தால் மறுபக்கத்தை வைத்து ஊகிக்கலாம். ஆனால் அதை ஊகம் என்று குறித்து வையுங்கள். இடதுக்கும் வலதுக்கும் வேறு எழுத்து இருப்பதும் உண்டு, அச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்தாதீர்கள்.

கூடவே சி60 (ஏசி), சிசி1 (கழற்றும் கூரை), எஞ்சின் குறியீடு (எல்பி9 என்றால் 5.0 லிட்டர் இன்ஜெக்‌ஷன், எல்98 என்றால் 5.7 லிட்டர்) மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 3: ஸ்பிரிங்கில் உள்ள சீட்டைப் பாருங்கள்

ஸ்டிக்கர் சொல்வது தொழிற்சாலையில் போட்டதை. இப்போது காரில் இருப்பது அதுதானா என்பதை ஸ்பிரிங்தான் சொல்ல வேண்டும். சுருளில் சுற்றி ஒட்டிய சிறு சீட்டு இருந்தால், அதில் அதே இரண்டெழுத்தும் உதிரிபாக எண்ணும் இருக்கும்.

சீட்டைத் தேடி முடிக்கும்வரை கம்பி பிரஷ்ஷையும் அழுத்தத் தண்ணீரையும் கிட்டே கொண்டுவராதீர்கள். மிச்சமிருக்கும் ஒரே சாட்சியை அவை இரண்டு நொடியில் அழித்துவிடும். மெல்லிய பிரஷ், சோப்புத் தண்ணீர், பக்கவாட்டில் பிடித்த டார்ச் போதும். கண்ணால் படிக்க முடியாததைக் கைப்பேசியில் படமெடுத்து, கான்ட்ராஸ்டைக் கூட்டிப் பாருங்கள். மங்கிய எழுத்தில் ஓ-வும் கியூ-வும், ஈ-யும் எஃப்-ம் ஒன்றாகத் தெரியும். ஸ்டிக்கரோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

பின் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்ப்பது எளிது. உடலை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலை ஜாக்கியில் தாங்கி, ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழற்றி, ஆக்ஸிலை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்குங்கள். முன்பக்கம் வேறு கதை. இந்தக் காரில் ஸ்ட்ரட் தனி, ஸ்பிரிங் தனி. ஸ்பிரிங், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் அழுந்தி நிற்கிறது. உள்ளே நுழைத்துப் பிடிக்கும் கம்ப்ரெஸ்ஸர் இல்லாமல், சங்கிலி கட்டாமல் கீழ்க் கையை இறக்கினால் ஸ்பிரிங் பாய்ந்து வரும், ஆளைக் கொல்லவும் செய்யும். வெறும் குறியீடு படிப்பதற்காக அதைக் கழற்றாதீர்கள். சக்கரத்தைக் கழற்றினால் தெரியும் அளவு போதும்.

படி 4: சீட்டு இல்லையா? அளந்து பாருங்கள்

விறைப்பு = 79,000 × கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு ÷ (8 × சராசரிச் சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு × இயங்கும் சுற்றுகள்). 79,000 என்பது ஸ்பிரிங் எஃகுக்குரிய மாறிலி. அளவுகள் மில்லிமீட்டரில், விடை நியூட்டன்/மி.மீ.-இல்.

கணக்கு பழக ஓர் உதாரணம்: கம்பி 14 மி.மீ., சராசரி விட்டம் 120 மி.மீ., இயங்கும் சுற்று 7. விடை 31.4, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 179 பவுண்டு. பெயின்டும் துருவும் சேர்ந்து கம்பியை 14.3 என்று அளந்துவிட்டால் விடை 9 சதவீதம் ஏறி 195 பவுண்டு ஆகிவிடும். நான்காம் அடுக்கு செய்யும் வேலை அது. சீட்டு இல்லை என்று உறுதியான பிறகு ஓரிடத்தில் உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து அளவுங்கள். இதற்கு வெர்னியரைவிட மைக்ரோமீட்டர்தான் சரி. வளைந்த கம்பியில் வெர்னியரின் தாடை சாய்ந்து உட்காரும்.

அடுத்த பிழை, வெளி விட்டத்தைச் சராசரியாகப் போட்டுவிடுவது. வெளி விட்டத்திலிருந்து ஒரு கம்பி விட்டத்தைக் கழித்தால்தான் சராசரி. மேலே உள்ள ஸ்பிரிங்குக்கு 134-ஐப் போட்டால் விடை 28 சதவீதம் குறைந்துவிடும். சுற்றுகளை எண்ணும்போது, ஸ்பிரிங்கின் முனை உட்காரும் தட்டில் படிந்து அசையாமல் கிடக்கும் பகுதியை விட்டுவிடுங்கள்.

முனையையும் பாருங்கள். அறுத்த தடமோ கேஸ் வெட்டின் கருகலோ இருந்தால் யாரோ சுற்றைக் குறைத்திருக்கிறார்கள். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். கார் தாழ்ந்தும் இருக்கும், கடினமாகவும் ஓடும். அந்த ஸ்பிரிங்குக்குச் சீட்டு ஒட்டியிருந்தாலும் இனி அது பொருந்தாது.

"பழசாகி ஸ்பிரிங் மெலிந்துவிட்டது" என்று சொல்வதுண்டு. கம்பி விட்டமும் சுற்றும் மாறாதவரை விறைப்பு மாறாது. உட்கார்ந்துபோன ஸ்பிரிங் இழப்பது நீளத்தை. அதனால் தாழ்ந்த காருக்குக் கெட்டியான ஸ்பிரிங் தேடுவதற்கு முன், அதே குறியீட்டுக்குரிய நீளம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: வாங்குவது

இரண்டெழுத்தை வைத்து அந்த ஆண்டின் ஜெனரல் மோட்டார்ஸ் உதிரிபாகப் பட்டியலில் எண்ணைத் தேடுங்கள். மாற்று ஸ்பிரிங் செய்பவர்கள் பல குறியீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். விறைப்பு ஒத்துவந்தாலும் உயரம் தவறலாம். பட்டியலில் விறைப்போடு "இந்த உயரத்தில் இத்தனை பாரம்" என்ற வரியையும் பார்த்து வாங்குங்கள். அந்த வரி இல்லாத ஸ்பிரிங்கை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

படி 2-இல் குறித்த சி60-க்கும் எஞ்சினுக்கும் இங்கேதான் வேலை. ஏசி கம்ப்ரெஸ்ஸரைக் கழற்றி எறிந்த காருக்கு, ஸ்டிக்கரில் உள்ள முன் ஸ்பிரிங்கையே புதிதாகப் போட்டால் மூக்கு தூக்கும். அலுமினிய எஞ்சின் மாற்றியதிலும் அப்படியே. ஆறு சிலிண்டர் காரின் முன் ஸ்பிரிங்கை வி8-க்குப் போட்டால் மூக்கு இறங்கும். ஸ்டிக்கரில் இருப்பது அன்றைய எடைக்கான ஸ்பிரிங். காரின் எடை மாறியிருந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் எடை மேடையில் நிறுத்தி அளந்து, அந்த பாரத்துக்கு ஸ்பிரிங் தேடுங்கள்.

பின்சேர்க்கை: இந்த முறையை அதே காலத்துக் கார்வெட்டுக்குப் போடாதீர்கள். 1984 முதல் அதில் முன்னும் பின்னும் சுருளே கிடையாது, குறுக்காகப் போகும் ஃபைபர் பட்டைதான். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது இஸட்51 போன்ற தொகுப்புக் குறியீட்டையும் பட்டையின் எண்ணையும்.