ஆய்வுத் தரவுச் சேவை தொடங்கும் நூலகர்கள் செய்யும் தவறுகள்

பேக்கப் எடுங்கள், பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதீர்கள் என்பதை எல்லாப் பயிலரங்கிலும் சொல்லிவிடுகிறார்கள். அதெல்லாம் இங்கே வேண்டாம். பெங்களூரில் பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்வுத் தரவுக்கென்று தனிப் பிரிவு ஆரம்பிக்கத் தொடங்கியிருக்கின்றன. அதில் மாட்டிக்கொண்டவர்களில் சேலம், மதுரை பக்கமிருந்து எம்.லிப். முடித்து வந்த நம் ஆட்களும் இருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்கும் விதத்திலேயே தெரிந்துவிடுகிறது, நாங்கள் விழுந்த அதே குழிகள்தான்.

சர்வரில் ஆரம்பிப்பது

டேட்டாவைச் சேமித்துப் பகிரும் ரெபாசிட்டரி, அதாவது மின் களஞ்சியம், நடத்த எந்த மென்பொருள் என்பதில்தான் ஆரம்பிக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ‘டீஸ்பேஸா, டேட்டாவர்ஸா?’ தான். டீஸ்பேஸ் 2002இல் எம்ஐடியும் எச்பியும் சேர்ந்து வெளியிட்டது. ஆய்வேடுகளுக்காக நம்மில் பலர் ஏற்கெனவே அதை ஓட்டுகிறோம். டேட்டாவர்ஸ் ஹார்வர்டில் டேட்டாவுக்கென்றே உருவானது. அட்டவணைக் கோப்பில் என்னென்ன மாறிகள் இருக்கின்றன என்பதையும் பிரித்துக் காட்டும். இரண்டும் இலவசம், இரண்டும் நல்லவை. சரி, அதில் போட எந்தத் துறையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ‘அது அடுத்த கட்டம் மேடம்’ என்கிறார்கள்.

முதலில் நாலு டிபார்ட்மெண்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் வைத்திருப்பவர், சொந்த ஜிமெயில் டிரைவில் வைத்திருப்பவர், லேப் கம்ப்யூட்டரை யாரோ ஃபார்மேட் பண்ணிவிட்டதாகப் புலம்புபவர் என்று எல்லாரும் கிடைப்பார்கள். அவர்களுடைய தலைவலியிலிருந்து சேவை ஆரம்பிக்கட்டும். சர்வர் மெதுவாக வரட்டும்.

நோ ட்யூஸோடு கட்டிவிடுவது

இதை எடுத்தாலே இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. யோசனை கேட்க அழகாகத்தான் இருக்கும். பி.எச்டி. முடிப்பவர் நூலகத்தில் நோ ட்யூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) வாங்கியே ஆக வேண்டும், டேட்டாவைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று வைத்துவிடலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த மதுரைத் தம்பி ஒருவர் சமீபத்தில் கேட்டார்: “கட்டாயமாக்கினாதானே மேடம் கொடுப்பாங்க? ஒரே வருஷத்துல ரெபாசிட்டரி ரொம்பிடும்ல?” ரொம்பத்தான் செய்யும், குப்பையால்.

இது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தால் வந்த பழக்கம். 2009 யுஜிசி விதிமுறைக்குப் பிறகு ஆய்வேட்டின் மின்பிரதியைக் கடைசியில் வாங்கி ஏற்றிப் பழகிவிட்டோம். ஆய்வேடு முடிந்த சரக்கு, பிடிஎஃப்பைத் திறந்தால் யாரும் படிக்கலாம். டேட்டாவோ சேகரித்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் வாயே திறக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இந்த விதி இருந்தது. அங்கே வந்த தொகுப்பு ஒன்றைச் சொல்கிறேன். பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் கார்மெண்ட்ஸ் வேலை செய்யும் பெண்களிடம் எடுத்த சர்வே. ‘ஃபைனல் நியூ 2’ என்று ஒரு ஜிப். உள்ளே புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்ஸில் செய்த ஒரு கோப்பு; பத்திகளின் பெயர் வி1, வி2, வி3 என்று ஓடுகிறது. எது எந்தக் கேள்வி என்று குறிப்பு கிடையாது. கேள்வித்தாள் இருந்தது, ஆனால் யூனிகோடு இல்லாத பழைய நுடி எழுத்துருவில் அடித்த கன்னடம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகப் பிதற்றியது. (சிரிக்க வேண்டாம், பாமினியில் அடித்த தமிழுக்கும் இதே கதிதான்.)

குழந்தைகள் எண்ணிக்கை போலத் தெரிந்த பத்தியில் 1, 2, 2, 9, 1, 9 என்று இருந்தது. அடுத்த பேட்ச் மாணவி ஒருவர் அதை அப்படியே எடுத்துச் சராசரி போட்டுவிட்டார். சேகரித்தவர் அதற்குள் ஒயிட்ஃபீல்டில் ஏதோ கம்பெனியில். அவரைப் போனில் பிடித்த பிறகுதான், பதில் சொல்லாதவர்களுக்கு 9 போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த ஆறு எண்களுக்கு மட்டும் பார்த்தால் சராசரி 4 வரும். 9களைக் கழித்தால் 1.5.

அதே ஜிப்பில் இன்னொரு எக்செல் தாள். பேர், போன் நம்பர், கம்பெனி, பக்கத்திலேயே ‘சூப்பர்வைசர் தொல்லை உண்டா’ என்ற கேள்விக்குப் பதில். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடந்தது. பார்த்ததும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் இறக்கியவர்களிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது? வேலை போனால் அந்தப் பெண்களுக்குத்தான் போகும், நமக்கல்ல. 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தனி ஆளைப் பற்றி முடிவெடுக்க அந்தத் தரவைப் பயன்படுத்தக்கூடாது, விதித்த தரங்களைப் பின்பற்ற வேண்டும் என்ற நிபந்தனைகளும் கூடவே இருக்கின்றன.

கடைசியில் கேட்பதால் வரும் பெரிய நஷ்டம் சம்மதப் படிவத்தில் இருக்கிறது. ‘உங்கள் பதிலை நான் மட்டுமே பார்ப்பேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், நாலு வருஷம் கழித்துப் பேரை அழித்துவிட்டுப் பொதுவில் போடுவதும் வாக்குத் தவறுவதுதான். மறுபடி போய்க் கேட்கலாமென்றால் அவர்கள் வேறு ஃபேக்டரிக்கும் வேறு வாடகை வீட்டுக்கும் போயிருப்பார்கள். படிவம் அச்சாவதற்கு முன் ஒரு வரியை மாற்றியிருந்தால் இந்தப் பாடே இல்லை.

அதனால் பி.எச்டி. தொடக்கத்தில் படிக்கும் கோர்ஸ்வொர்க்கிலேயே பிடியுங்கள். ஆய்வு, பதிப்பு நெறிமுறைகள் பற்றி யுஜிசி 2019 கடைசியில் கட்டாயமாக்கிய 2 கிரெடிட் பாடம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வகுப்பு கேட்டு வாங்குங்கள். என்ன சேகரிக்கப் போகிறீர்கள், எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், முடிந்தபின் எங்கே போகும் என்று ஒரே பக்கம் எழுதவையுங்கள். பிறகு ஆலோசனைக் குழு கூடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தோடு மாறிகளின் பட்டியலும் வரட்டும். கைடு கையெழுத்துப் போடட்டும். நோ ட்யூஸ் சமயத்தில் சரிபார்ப்பது மட்டும்தான் வேலை.

எல்லாம் ஓப்பனாக வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்வது

கைடுகள் இரண்டாவது கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

ஒப்பந்த ஊழியர் ஒருவரிடம் மொத்தத்தையும் விடுவது

அட்மின் பாஸ்வேர்டோடு போய்விடுவார்.

எக்செலை அப்படியே நம்புவது

மார்ச்1, செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. அடையாள எண், குறியீடு உள்ள பத்திகளை டெக்ஸ்ட் என்று வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நம்மிடமே வைக்கப் பார்ப்பது

மரபணு வரிசைத் தரவுக்கு ஃபரீதாபாத்தில் 2022இல் திறந்த இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. புரத அமைப்புகளுக்கு பிடிபி (புரோட்டீன் டேட்டா பேங்க்), சமூக அறிவியலுக்கு ஐசிஎஸ்எஸ்ஆர் டேட்டா சர்வீஸ். எதிலும் சேராததற்கு செர்ன் நடத்தும் ஜெனோடோ. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். நம் பக்கத்தில் தலைப்பு, ஆய்வாளர் பேர், டிஓஐ, தொடர்புக்குத் துறையின் மின்னஞ்சல் என்று ஒரு பதிவு இருந்தால் போதும். தொடர்புக்கு மாணவரின் மின்னஞ்சலை மட்டும் போடாதீர்கள், படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுவார்கள்.