பாயிண்ட்டைக் கழற்றுமுன் அளந்து பாருங்கள்: எலக்ட்ரானிக் இக்னிஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் கிளாசிக் வாகனத் திட்டத்தில் உள்ள கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மற்ற நாளெல்லாம் ஈரக்காற்றில் நிற்கிறது. ஸ்பார்க்கைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் பாயிண்ட்டின் முகத்தில் ஆக்சைடு படிகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அந்தப் பாயிண்ட்டை எடுத்துவிட்டு, காந்த வளையமும், காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சரும் கொண்ட எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட்டைப் போடுவது நல்ல முடிவு. ஆனால் சில வாரங்களில் அந்த சென்சர் அடங்கிய மாட்யூல் கருகிப்போனால் எல்லாரும் கிட்டைத்தான் குறை சொல்கிறார்கள். ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் காயிலையும், வயரிங்கையும் முதலில் பாருங்கள்.

பெரிய தவறு, காயிலை அளக்காமல் வேலையைத் தொடங்குவது. வயர்களைக் கழற்றிவிட்டு, காயில் ஆறிய பிறகு, அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். அதற்கு முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அளவில் 0.3 ஓம்கூட முடிவை மாற்றிவிடும். சாதாரண 12 வோல்ட் காயில் ஏறத்தாழ 3 ஓம். கரண்ட்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டருடன் வேலை செய்வது ஏறத்தாழ 1.5 ஓம். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் கிடைத்தால் முதலாவதில் 4.6 ஆம்பியருக்கு மேல் போகாது. இரண்டாவதை பாலாஸ்ட் இல்லாமல் இணைத்தால் 9 ஆம்பியரைத் தாண்டலாம். 3 ஓம் காயிலுக்கென்று செய்த மாட்யூல் அதைத் தாங்காது. கிட் கேட்கும் குறைந்தபட்ச ஓம் எவ்வளவு என்பதைப் படித்த பிறகே வாங்குங்கள்.

பாலாஸ்ட் எப்போதும் கண்ணில் படாது. சில கார்களில் அது வயரிங் கட்டுக்குள் ஓடும் ஒரு ரெசிஸ்டன்ஸ் வயர். சாவியைப் போட்டு, காயில் பாசிட்டிவில் வோல்ட்டேஜை அளந்தால் தெரியும், பாயிண்ட் மூடியிருக்கும்போது மட்டும். திறந்திருந்தால் கரண்ட் ஓடாது. பாலாஸ்ட் இருந்தாலும் மீட்டர் 12 என்றே காட்டி ஏமாற்றும். மூடியிருக்கும்போது 6 முதல் 9 வோல்ட் வந்தால் பாலாஸ்ட் இருக்கிறது. அப்படியானால் மாட்யூலின் சிவப்பு வயரைக் காயிலில் இணைக்காமல், பாலாஸ்ட்டுக்கு முன்னால், இக்னிஷன் சுவிட்ச் பக்கத்தில் இணையுங்கள். மாட்யூலுக்கு முழு பேட்டரி வோல்ட்டேஜ் வேண்டும்.

1960களின் பிரிட்டிஷ் கார் என்றால் பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த (பாசிட்டிவ் எர்த்) காரில் நெகட்டிவ் எர்த் கிட்டைப் போட்டால், சாவியைத் திருப்பிய நொடியே அது போய்விடும்.

எர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாயிண்ட் இருந்த தட்டு, எஞ்சின் சுமைக்கேற்ப ஸ்பார்க் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸுடன் சேர்ந்து அசைவது. அதற்கு எர்த் கொடுப்பது சின்னப் பின்னல் வயர் ஒன்று. அது அறுந்திருந்தால் ஸ்பார்க் விட்டுவிட்டு வரும். சாவி போட்ட நிலையில் தட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வயரை மாற்றுங்கள். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி, தட்டு நகரும்போது மாட்யூல் வயர் எதிலும் இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

காந்த வளையம் முழுதும் கீழே இறங்காவிட்டால் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டர் உயர்ந்து நின்று அதன் மூடியில் (கேப்) இடிக்கும். அழுத்திப் பொருத்துங்கள்.

செம்பு மைய பிளக் வயரை வைத்துக்கொண்டே மாட்யூல் போடாதீர்கள். அதன் மின்காந்தக் குறுக்கீடு மாட்யூலைக் குழப்பும். கார்பன் அல்லது சுருள்கம்பி மையமுள்ள சப்ரஷன் வயர் வேண்டும்.

எஞ்சின் ஓடாமல் சாவியைப் போட்டுவைப்பது அடுத்த கெட்ட பழக்கம். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், எஞ்சின் நின்ற இடத்தைப் பொறுத்து காயிலில் இடைவிடாமல் கரண்ட் ஓடலாம். காயிலும் மாட்யூலும் கொதித்துவிடும். ரேடியோவுக்கு ஆக்சஸரி நிலை போதும். நின்றே கிடக்கும் காருக்குப் பேட்டரியும் முக்கியம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்ட்டேஜ் 9.6-க்குக் கீழே இறங்கினால், பாயிண்ட் சமாளித்த இடத்தில் மாட்யூல் சமாளிக்காமல் போகலாம்.

கிட்டை மாட்டியதும் டைமிங், அதாவது ஸ்பார்க் வரும் நேரம், மாறியிருக்கும். பழைய குறியை நம்பாதீர்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்ட்ரோப் விளக்கால் கையேட்டின் அளவுக்கு வையுங்கள். எஞ்சினை வேகப்படுத்தும்போது குறி சீராக முன்னேற வேண்டும். தாவினாலோ அசையாமல் நின்றாலோ, தட்டுக்குக் கீழே, வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் எடைகளின் கிரீஸ் காய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினாலும் கிட் அதைச் சரிசெய்யாது. டிஸ்ட்ரிப்யூட்டரையே பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும்.

கழற்றிய பாயிண்ட்டைக் கண்டென்சருடன் காரின் பின்புறச் சாமான் பெட்டியில் வையுங்கள். தீவு விரைவுச்சாலையில் மாட்யூல் நின்றுபோனால் அவை வீடு சேர்க்கும். கண்டென்சர் இல்லாமல் பாயிண்ட்டை மட்டும் போட்டால் ஸ்பார்க் பலவீனமாகி, பாயிண்ட் முகமும் சீக்கிரம் கருகும்.